டையில் எழுதியிருந்த பெயர்: சோமர்ட்டன் கடற்கரை வழக்கு

1949 ஜனவரி 14. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு ரயில் நிலையத்து க்ளோக் ரூமில், ஒன்றரை மாதமாக யாரும் வந்து கேட்காத ஒரு பழுப்பு நிறப் பெட்டி கண்டெடுக்கப்பட்டது. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டு கிழிக்கப்பட்டிருந்தது. உள்ளே இருந்த துணிகளில் பெரும்பாலானவற்றில் கடைப் பெயரோ உடையவர் பெயரோ இல்லை. மூன்றில் மட்டும் இருந்தது. டையில் ‘டி. கீன்’ என்றும், சலவைப் பையில் ‘கீன்’ என்றும் எழுதியிருந்தது. பனியனிலும் அதே பெயர்தான், ஆனால் கடைசி எழுத்து விடுபட்டிருந்தது.

1948 டிசம்பரில் அடிலெய்டின் சோமர்ட்டன் கடற்கரையில் பெயர் தெரியாத ஒருவர் இறந்து கிடந்த வழக்கு இது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கவிதைப் புத்தகத்திலிருந்தும் சங்கேத எழுத்துகளிலிருந்தும்தான் தொடங்குவார்கள். நான் இந்த டையிலிருந்து தொடங்குகிறேன். இதை எத்தனையோ முறை படித்த பிறகு எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இதுதான். இறந்தவர் யார் என்பதற்கான வழி, உடல் கிடைத்த 44 நாட்களுக்குள் காவலர்களின் மேசைக்கு வந்துவிட்டது. அந்த வழியில் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர 73 ஆண்டுகள் ஆயின.

கடற்கரையில் ஒருவர்

1948 நவம்பர் 30, மாலை சுமார் ஏழு மணி. அடிலெய்டு நகருக்குத் தென்மேற்கே, கிளெனெல்க் பகுதியை ஒட்டிய சோமர்ட்டன் கடற்கரையில் ஒரு தம்பதி நடந்துகொண்டிருந்தார்கள். நன்றாக உடுத்திய ஒருவர் தடுப்புச் சுவரில் தலையைச் சாய்த்து, கால்களை நீட்டிப் படுத்திருந்தார். வலது கையை முழுதாக மேலே தூக்கினார். பிறகு அது தளர்ந்து கீழே விழுந்தது. குடித்துவிட்டுக் கிடக்கிறார் போலும் என்று நினைத்து அவர்கள் போய்விட்டார்கள். அரை மணி நேரம் கழித்து இன்னொரு ஜோடி அதே இடத்தில் அவரைப் பார்த்தது. முகத்தில் கொசு மொய்த்தும் அசையாமல் இருக்கிறாரே என்று வேடிக்கையாகப் பேசிக்கொண்டார்கள். அவர்களும் அருகில் போகவில்லை.

மறுநாள், டிசம்பர் 1, காலை ஆறரை மணி வாக்கில் அவர் இறந்து கிடப்பது தெரியவந்தது. முந்தைய மாலை அவரைப் பார்த்த தம்பதியில் அந்தக் கணவரும் அப்போது அங்கே வந்திருந்தார். உடல் அதே இடத்தில், ஒரு கால்மேல் இன்னொரு கால் போட்ட நிலையில் இருந்தது. கோட்டின் வலது காலரில் பாதி புகைத்த சிகரெட் ஒன்று கிடந்தது.

வயது நாற்பதிலிருந்து நாற்பத்தைந்து இருக்கலாம். உயரம் சுமார் 180 சென்டிமீட்டர். சாம்பல் நிறக் கண்கள், அகன்ற தோள்கள், உடல் உழைப்பின் தழும்பு இல்லாத கைகள். கெண்டைக்கால் தசைகள் உயர்ந்து திரண்டிருந்தன. காற்சட்டைப் பைகளில் இருந்தவை: ஹென்லி கடற்கரைக்கு எடுத்துப் பயன்படுத்தாத இரண்டாம் வகுப்பு ரயில் டிக்கெட், ஒரு பஸ் டிக்கெட், அலுமினியச் சீப்பு, பாதி காலியான சூயிங் கம் பொட்டலம், தீப்பெட்டி, சிகரெட் பெட்டி. சிகரெட் பெட்டி ஒரு நிறுவனத்துடையது. உள்ளே இருந்த ஏழு சிகரெட்டுகள் வேறு நிறுவனத்துடையவை. பர்ஸ் இல்லை, பணம் இல்லை. அந்தக் காலத்தில் அப்படி உடுத்திய ஆண் தொப்பி இல்லாமல் வெளியே வருவது அரிது, தொப்பியும் இல்லை. உடுத்தியிருந்த துணிகளின் அடையாளச் சீட்டுகள் எல்லாம் அகற்றப்பட்டிருந்தன.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் ஜான் டுவையர், மரணம் இயற்கையானது அல்ல என்று உறுதியாக நம்பினார். மண்ணீரல் இயல்பைப்போல மூன்று மடங்கு பெருத்திருந்தது. இரைப்பையில் இரத்தக் கசிவு இருந்தது. இதயத்தில் குறை எதுவும் தெரியவில்லை. சாவதற்கு மூன்று நான்கு மணி நேரத்துக்கு முன் அவர் பேஸ்டி என்ற, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பண்டத்தைச் சாப்பிட்டிருந்தார். விஷம் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் எந்தச் சோதனையிலும் விஷம் அகப்படவில்லை. மரண விசாரணையில் சாட்சி சொன்ன அடிலெய்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் செட்ரிக் ஸ்டான்டன் ஹிக்ஸ், உடலில் தடயம் விடாமல் கொல்லக்கூடிய இரண்டு மருந்துகளின் பெயரை வாயால் சொல்லாமல் ஒரு தாளில் எழுதி மரண விசாரணை அதிகாரியிடம் கொடுத்தார். யார் வேண்டுமானாலும் மருந்துக் கடையில் எளிதாக வாங்கக்கூடியவை என்பதால் அந்தப் பெயர்கள் 1980கள் வரை வெளியிடப்படவில்லை.

விசாரணை அதிகாரி தாமஸ் எர்ஸ்கின் கிளீலண்ட் இன்னொன்றையும் கவனித்தார். மாலையில் கடற்கரையில் படுத்திருந்தவரின் முகத்தைத் தெளிவாகப் பார்த்ததாக ஒரு சாட்சியும் சொல்லவில்லை. அப்படியானால் மாலையில் இருந்தவரும் காலையில் இறந்து கிடந்தவரும் ஒருவரே என்பதற்கு என்ன உறுதி? வேறெங்கோ இறந்தவரை அங்கே கொண்டுவந்து கிடத்தியிருக்கலாமே? கேள்வி நியாயமானதுதான். பதில் வரவில்லை. யார் இறந்தார், எதனால் இறந்தார் என்ற இரண்டையும் முடிவு செய்ய முடியாமலே விசாரணை நின்றுபோனது.

பெட்டிக்குள் இருந்தவை

இனி அந்தப் பெட்டி. உடல் கிடைத்ததற்கு முதல் நாள், நவம்பர் 30 அன்று காலை 11 மணிக்குப் பிறகு அது ரயில் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அதற்குள் ஆரஞ்சு நிற மெழுகு நூல் சுற்றிய ஓர் அட்டை இருந்தது. ஆஸ்திரேலியாவில் கிடைக்காத வகை நூல் அது. இறந்தவர் அணிந்திருந்த காற்சட்டைப் பையின் உள்துணி கிழிந்து, அதே வகை நூலால் தைக்கப்பட்டிருந்தது. பெட்டி அவருடையதுதான் என்று காவல் துறை முடிவுக்கு வந்தது இந்தத் தையலை வைத்துத்தான்.

அந்தத் தையலை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. கிழிந்த பையைத் தானே தைத்துக்கொண்ட ஒரு மனிதர். மர்மக் கதைகளில் வரும் ஒற்றரிடம் நூற்கண்டு இருப்பதில்லை.

சிவப்புக் கட்டம் போட்ட அங்கி, சிவப்புச் செருப்பு, பைஜாமா, சவரச் சாமான்கள், கீழ்மடிப்பில் மணல் இருந்த ஒரு காற்சட்டை, பென்சில்கள், ஒன்றும் எழுதாத கடிதத் தாள்கள். எழுதிய கடிதம் ஒன்றுகூட இல்லை. கூடவே சில கருவிகள்: மின் வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் திருப்புளி, வெட்டிக் குறுக்கிக் கூராக்கிய மேசைக் கத்தி, முனை தீட்டிய கத்தரிக்கோல், எழுத்துப் பதிக்கும் தூரிகை. இந்தத் தூரிகையைச் சரக்குக் கப்பலில் மூன்றாம் நிலை அதிகாரிகள் பெட்டிகளில் குறியிடப் பயன்படுத்துவார்கள் என்பதால் அவர் கப்பல்காரராக இருக்கலாம் என்று ஓர் ஊகம் கிளம்பியது. கத்தியும் கத்தரிக்கோலும் வேறு ஊகங்களுக்குத் தீனி போட்டன. திருப்புளியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெயருக்கு வருவோம். ‘டி. கீன்’ என்ற பெயரில் காணாமல் போனவர் யாராவது உண்டா என்று ஆங்கிலம் பேசும் நாடுகளிலெல்லாம் விசாரித்தார்கள். அப்படி ஒருவரும் இல்லை. துணிகளில் இருந்த சலவைக் குறிகளை நாடு முழுவதும் அனுப்பிப் பார்த்தார்கள். அதற்கும் பதில் இல்லை. இறந்தவரின் பெயர் கீன் அல்ல என்று தெரிந்துதான் யாரோ அந்தப் பெயரை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்து அந்தத் துப்பை ஒதுக்கி வைத்தார்கள்.

அவர் பெயர் கீன் அல்ல என்றது சரி. அதோடு விட்டதுதான் பிழை. ஆஸ்திரேலியாவில் போர்க்காலத் துணிப் பங்கீடு அந்த ஆண்டின் நடுவில்தான் முடிந்திருந்தது. ஒருவர் துணியை இன்னொருவர் உடுத்துவது அப்போது சாதாரணம். பழைய துணி வாங்குகிறவர்கள் முந்தைய உடைமைக்காரரின் பெயரைக் கிழித்துவிடுவதும் வழக்கம்தான். ஆகவே ‘கீன் என்று யாராவது காணாமல் போனார்களா’ என்ற கேள்வியோடு, ‘வீட்டில் பத்திரமாக இருக்கிற கீன் யாராவது தன் டையை யாருக்காவது கொடுத்தாரா’ என்றும் கேட்டிருக்க வேண்டும். இன்று உட்கார்ந்து சொல்வது எளிது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வி கேட்கப்பட்டதாக எந்தப் பதிவிலும் நான் பார்க்கவில்லை.

தமாம் ஷுத்

உலகமே இந்த வழக்கை நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம் ஒரு துண்டுக் காகிதம். இறந்தவரின் காற்சட்டை இடுப்போரம், கடிகாரம் வைக்கும் சின்னஞ்சிறு பைக்குள், இறுகச் சுருட்டிய காகிதம் ஒன்று பல மாதங்கள் கழித்து அகப்பட்டது. அதில் அச்சாகியிருந்த சொற்கள் ‘தமாம் ஷுத்’. பாரசீக மொழியில் ‘முடிந்தது’ என்று பொருள். தமிழ் வாசகர்களுக்கும் மொழிபெயர்ப்பு வழியாக நன்கு பழகிய உமர் கய்யாமின் ருபாயத் என்ற கவிதை நூலின் ஆங்கிலப் பதிப்பின் கடைசிச் சொற்கள் அவை.

செய்தி பரவியதும், 1949 ஜூலையில் ஒருவர் அந்தப் புத்தகத்தோடு வந்தார். கிளெனெல்க் ஜெட்டி ரோட்டில் நிறுத்தியிருந்த காருக்குள் யாரோ அதைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்களாம். கடைசிப் பக்கத்தில் அந்தச் சொற்கள் இருந்த இடம் கிழிக்கப்பட்டிருந்தது. அந்தப் புத்தகம் எந்த நாளில் காருக்குள் விழுந்தது என்பதிலேயே அக்காலச் செய்திகள் முரண்படுகின்றன. உடல் கிடைப்பதற்கு முன்பு என்றும் சொல்கிறார்கள், பின்பு என்றும் சொல்கிறார்கள். வழக்கின் மையமான ஒரு பொருளின் தேதியைக்கூட யாரும் ஒழுங்காகக் குறித்து வைக்கவில்லை.

புத்தகத்தின் பின்னட்டையில், எழுதியபோது அழுந்திய தடங்கள் இருந்தன. ஒரு தொலைபேசி எண்ணும் ஐந்து வரி ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் அதில் தெரிந்தன. இரண்டாவது வரி எம், எல், ஐ, ஏ என்று தொடங்கி, ஆறு எழுத்தோடு அடிக்கப்பட்டிருக்கிறது. நான்காவது வரியும் அதே எம், எல், ஐ, ஏ என்றே தொடங்குகிறது. அது அடிக்கப்படாமல் நீள்கிறது. எழுதியவர் ஒரு வரியைத் தாவி முன்கூட்டியே எழுதிவிட்டு, தவறை உணர்ந்து அடித்துவிட்டு, அதற்குரிய இடம் வந்ததும் மீண்டும் எழுதியிருக்கிறார். வரிசை மனத்தில் இருக்கும் ஒன்றை, ஒரு பாட்டையோ பட்டியலையோ, நினைவூட்டிக்கொள்ள எழுதுகிறவர் கை இப்படித்தான் தவறும். இந்த எழுத்துகள் ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று பின்னாளில் செய்த புள்ளியியல் ஆய்வும் காட்டியது. ஆனால் ராணுவச் சங்கேத நிபுணர்கள் முதல் பொழுதுபோக்காகப் புதிர் அவிழ்ப்பவர்கள் வரை எல்லோரும் ஒற்றர் மொழியைத்தான் அதில் தேடினார்கள்.

தொலைபேசி எண் ஒரு செவிலியருடையது. உடல் கிடந்த இடத்திலிருந்து சுமார் 400 மீட்டர் தூரத்தில் அவர் வீடு. இறந்தவரைத் தனக்குத் தெரியாது என்றார். உடலை வைத்து வார்த்த மார்பளவுச் சிலையைக் காட்டியபோது மயங்கி விழப்போகிறவர்போல ஆனார் என்று துப்பறிவாளர் லயனல் லீன் பதிவு செய்திருக்கிறார். போர்க் காலத்தில் சிட்னியில் ஒரு ராணுவ அதிகாரிக்கு ருபாயத் பிரதி ஒன்றைப் பரிசளித்ததை அவர் ஒப்புக்கொண்டார். அந்த அதிகாரிதான் இறந்தவர் என்று காவலர்கள் நம்பத் தொடங்கிய வேளையில், அவர் உயிரோடு, கடைசிப் பக்கம் கிழியாத தன் பிரதியோடு இருப்பது தெரிந்தது. தன் பெயரை வெளியிட வேண்டாம் என்ற அந்தப் பெண்ணின் வேண்டுகோளைக் காவலர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அவர் இறந்துவிட்டார், பெயர் இன்று பலருக்குத் தெரியும் என்றாலும் இங்கே எழுத எனக்கு மனமில்லை.

பனிப்போர் தொடங்கியிருந்த காலம் அது. தென் ஆஸ்திரேலியாவின் வூமெராவில் ஏவுகணைச் சோதனைக் களம் அமைந்துகொண்டிருந்தது. விஷம், சங்கேதம், கிழிக்கப்பட்ட அடையாளங்கள், மௌனம் காத்த பெண். சோவியத் ஒற்றர் என்ற கதை தானாகவே எழுதப்பட்டுவிட்டது. இவர்தான் அவர் என்று அடையாளம் சொல்லிக்கொண்டு ஆட்கள் வந்தவண்ணம் இருந்தார்கள். 1953க்குள் அப்படி 251 விடைகள் காவல் துறைக்கு வந்து சேர்ந்திருந்தன.

தூக்கி எறிந்ததும் தங்கிவிட்டதும்

அந்தப் பெட்டி 1986இல் இனிப் பயனில்லை என்று அழிக்கப்பட்டது. நூல், டை, தூரிகை எல்லாம் அதோடு போயின. ருபாயத் பிரதி அதற்கும் முன்பே தொலைந்துபோனது. சாட்சிகளின் வாக்குமூலங்கள் பலவும் கோப்பில் இல்லை. கொலையா இல்லையா என்றே முடிவாகாத ஒரு வழக்கின் பொருட்களை அழிக்க ஒருவர் கையெழுத்திட்டிருக்கிறார் என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

தங்கியது எது தெரியுமா? 1949இல் பால் லாசன் என்பவர் வார்த்த அந்த மார்பளவுச் சிலை. அச்சு எடுத்தபோது இறந்தவரின் தலைமுடிகள் சில பிளாஸ்டரில் ஒட்டிக்கொண்டன. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. அடிலெய்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டெரெக் அபட், பல ஆண்டுகளாக இந்த வழக்கைத் தொடர்ந்தவர், காவல் துறையின் அனுமதியோடு அந்த முடிகளைப் பிரித்தெடுத்தார்.

உடலே இருக்க முடி எதற்கு என்று தோன்றலாம். உடல் 1948 டிசம்பரிலேயே ஃபார்மலின் செலுத்திப் பதப்படுத்தப்பட்டது. ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைக்கும். 2021 மே மாதம் காவல் துறை கல்லறையைத் தோண்டி எச்சங்களை எடுத்தபோது, வேலை எளிதாக இருக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வேர் இல்லாத முடியிலிருந்து குடும்ப மரம் வரையும் அளவுக்கு டிஎன்ஏ எடுக்க முடியாது என்றுதான் நெடுங்காலம் கருதினார்கள். பல்லாயிரம் ஆண்டு பழைய எலும்புகளில் துண்டு துண்டாகிப் போன டிஎன்ஏவைப் படிக்க உருவான முறைகள் அந்த எண்ணத்தை மாற்றின. சிலையில் ஒட்டியிருந்த முடியிலிருந்து சுமார் 20 லட்சம் மரபணுக் குறிகள் கிடைத்தன.

அதன் பிறகு நடந்தது பரம்பரை ஆய்வு. தங்கள் டிஎன்ஏ விவரங்களைத் தாங்களே முன்வந்து பதிவேற்றியவர்களின் பொதுத் தொகுப்பில் தேடியபோது தூரத்து உறவினர்கள் அகப்பட்டார்கள். அவர்களிலிருந்து மேலே ஏறி, முன்னோர்களைக் கண்டு, மறுபடி கிளை கிளையாகக் கீழிறங்கி, அபட்டும் அமெரிக்கப் பரம்பரை ஆய்வாளர் காலீன் ஃபிட்ஸ்பாட்ரிக்கும் சுமார் 4,000 பேர் கொண்ட குடும்ப மரத்தை வரைந்தார்கள். அத்தனை பேரில் பிறந்த பதிவு இருந்து இறந்த பதிவு இல்லாத ஓர் ஆணைத் தேடினார்கள்.

கார்ல் வெப். 1905 நவம்பர் 16 அன்று மெல்போர்னின் ஃபுட்ஸ்கிரேயில் பிறந்தவர். ஆறு பிள்ளைகளில் கடைசி. மின் பொறியாளர், கருவிகள் செய்பவர். தந்தை வழியிலும் தாய் வழியிலும் உயிரோடிருக்கும் உறவினர்களின் டிஎன்ஏவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, 2022 ஜூலை 26 அன்று அபட் பெயரை அறிவித்தார். காவல் துறை அப்போது அதைத் தன் முடிவாக அறிவிக்கவில்லை. ஆனால் இரண்டு வழி உறவும் பொருந்துவதோடு, 1947க்குப் பின் வெப்பின் சுவடே எங்கும் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஐயம் இல்லை.

திருப்புளி யாருடையது என்பது இப்போது விளங்குகிறது. டையும் விளங்குகிறது. வெப்பின் அக்காள் ஒருவர் மணந்தவரின் குடும்பப் பெயர் கீன், நடுப்பெயர் தாமஸ். ஆங்கிலத்தில் அது ‘டி’யில்தான் தொடங்கும். அவர் மெல்போர்னில் வாழ்ந்துகொண்டிருந்தார். காணாமல் போகவில்லை. அதனால்தான் காணாமல் போனவர்களின் பட்டியலில் அவர் பெயர் கிடைக்கவில்லை. மாமன் மச்சான் துணியை மாற்றி உடுத்திய சாதாரணக் குடும்ப வழக்கத்துக்கு உலகம் ஒற்றர் கதை கட்டியிருந்தது.

எதனால் இறந்தார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. வெப் கவிதை எழுதுவார், குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவார் என்று அபட் சொல்கிறார். அந்த ஐந்து வரிகள் குதிரைகளின் பெயர்களாக இருக்கக்கூடும் என்பது அவருடைய ஊகம். 1941இல் மணந்த மனைவியை வெப் 1947 ஏப்ரலில் பிரிந்தார். அதற்கு முன்பே ஒருமுறை உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார் என்றும், முரடராக மாறினார் என்றும் மனைவி தரப்பு ஆவணங்கள் சொல்கின்றன. தற்கொலை என்ற பக்கம் இதனால் கனம் கூடுகிறது என்பதே என் கருத்து. ஆனால் பாதி புகைத்த சிகரெட்டும், எடுத்துப் பயன்படுத்தாத ரயில் டிக்கெட்டும், பக்கத்து வீதிச் செவிலியரின் எண்ணும் அந்தக் கருத்துக்குள் முழுதாக அடங்கவில்லை. 1947 ஏப்ரலுக்கும் 1948 நவம்பருக்கும் இடைப்பட்ட 19 மாதங்கள் அவர் எங்கே தங்கினார், யாரோடு பேசினார்? இனி இந்த வழக்கில் தேட வேண்டியது அந்த 19 மாதங்களைத்தான். மெல்போர்ன் வாடகைப் பதிவுகளிலும் வேலைப் பதிவுகளிலும் குடும்ப ஆல்பங்களிலும் அது இருக்கலாம். பெயர் தெரியாத வரை அங்கெல்லாம் தேடவே வழி இல்லாமல் இருந்தது.

அவரைக் காணவில்லை என்று யாரும் புகார் கொடுக்கவில்லை. உடன்பிறந்தவர்கள் இருந்தும், மனைவி இருந்தும், ஒரு புகார்கூட இல்லை. 1949 ஜூன் 14 அன்று அடிலெய்டின் வெஸ்ட் டெரஸ் கல்லறையில் அவரை அடக்கம் செய்தார்கள். அநாதைப் பிணமாகப் போக வேண்டாம் என்று செலவை ஏற்றுக்கொண்டது தென் ஆஸ்திரேலியக் குதிரைப் பந்தயத் தரகர்களின் சங்கம். சோமர்ட்டன் கடற்கரையில் கண்டெடுக்கப்பட்ட அடையாளம் தெரியாத மனிதர் என்று கல்லில் பொறித்தார்கள்.

1951இல் அவருடைய மனைவி, கணவர் தன்னைக் கைவிட்டுப் போய்விட்டார் என்று காரணம் காட்டி விவாகரத்து கேட்டார். அப்போது அவர் மெல்போர்னில் இல்லை. தென் ஆஸ்திரேலியாவிலேயே ஒரு சிற்றூரில், அந்தக் கல்லறையிலிருந்து சில மணி நேரப் பயணத் தூரத்தில் வாழ்ந்துகொண்டிருந்தார்.